குத்துச்சண்டையின் வீழ்ச்சி: லீப்ளிங் கூறிய காரணங்கள் குறித்து

ஒரு கலையோ விளையாட்டோ நலிவுறும்போது மக்களின் சுவை மாறிவிட்டது என்று கூறி அமைந்துவிடுவது எளிது. நமது நாட்டுக்கூத்து அருகத் தொடங்கிய காலத்திலும் அவ்வாறே கூறினர். ஆடுபவனைப் பழக்கிய அண்ணாவியார் எவ்வாறு சீவனம் நடத்தினார், களரி அமைக்கும் செலவை யார் ஏற்றனர், பழக வந்த இளைஞனுக்கு மாலை வேளைகளில் ஓய்வு இருந்ததா என்ற கேள்விகளை எழுப்பியோர் மிகச் சிலரே. சுவை என்பது தானாக வளர்வதுமில்லை, தானாக மாறுவதுமில்லை. அதற்கு ஓர் அடித்தளம் உண்டு. அந்த அடித்தளத்தை ஆராயாத விமர்சனம் வெறும் ஒப்பாரியாகவே முடியும்.

அமெரிக்கக் குத்துச்சண்டையின் வீழ்ச்சியைப் பற்றி ஏ. ஜே. லீப்ளிங் எழுதியவை அத்தகைய வெறும் ஒப்பாரி அல்ல. 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் 1950களின் முற்பகுதியில் அவர் எழுதிய கட்டுரைகள் தொகுக்கப்பட்டு, 'இனிய விஞ்ஞானம்' என்னும் பெயரில் 1956இல் நூலாக வெளிவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் குத்துச்சண்டைகளை வருணித்த பியர்ஸ் ஈகன் என்பவரின் வழக்கிலிருந்தே இத்தலைப்பு எடுத்தாளப்பட்டது. லீப்ளிங் இரண்டாம் உலகப் போரின்போது போர்முனைச் செய்தியாளராகப் பணியாற்றியவர். பத்திரிகை முதலாளிகளின் போக்கை இடைவிடாது கண்டித்தவர். ஆதலால், விளையாட்டைப் பற்றி எழுதும்போதும் அதனை நடத்தும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் மறக்கவில்லை. விளையாட்டு இலக்கியத்தில் இந்நூல் இன்றும் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படுகிறது. அப்போற்றுதல் தகுதியானதே. எனினும், நூலின் முன்னுரையில் அவர் கூறும் காரணங்கள் இரு வகைப்பட்டவை. அவ்விரண்டையும் அவர் ஒரே தட்டில் வைத்துவிட்டார். அதனைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூலின் சிறப்பைக் கூறுதல் வேண்டும். லீப்ளிங் குத்துச்சண்டையைப் பலத்தின் வெளிப்பாடாகக் காணவில்லை. கற்றுத் தேர வேண்டிய ஒரு கைவினையாகக் கண்டார். ஒரு வீரன் தன் இடக்கையை எவ்வளவு தாழ்த்துகிறான், அடிவாங்காமல் தலையை எவ்வாறு விலக்குகிறான், எட்டாவது சுற்றில் மூச்சை எவ்வாறு சேமிக்கிறான் என்பனவே அவருடைய அக்கறை. முன்னுரையில் அவர் ஒரு சுவையான வமிசாவளியைத் தருகிறார். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜாக் ஓபிரையன் என்னும் முன்னாள் வீரர் பயிற்சிக்காக லீப்ளிங்கை ஒருமுறை குத்தினாராம். அந்த ஓபிரையன் பிற்சிமன்ஸிடம் குத்து வாங்கியவர். பிற்சிமன்ஸ் கோர்பெற்றிடமும், கோர்பெற் ஜோன் எல். சலிவனிடமும் வாங்கியவர்கள். இவ்வாறு அவர் அந்தத் தொடரைப் பழைய இங்கிலாந்து வரை கொண்டு செல்கிறார். நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும் இதன் உட்பொருள் ஆழமானது. ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு நேரடியாகக் கைமாறும் அறிவு இது. ஏட்டிலிருந்து கற்க இயலாதது. வடசென்னையின் குத்துச்சண்டை வழக்கில் பயிற்றுபவரை 'வாத்தியார்' என்றும், பயிற்சி மரபைப் 'பரம்பரை' என்றும் அழைப்பர். 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தின் பின்னர் இச்சொற்கள் நமக்கும் பழகிவிட்டன. லீப்ளிங் கூறவந்ததும் இந்த வாத்தியாரையும் பரம்பரையையும் பற்றியே.

நியூ யோர்க் நகரின் எட்டாம் அவெனியூவில் இருந்த 'ஸ்ரில்மன்' பயிற்சிக் கூடத்தை அவர் ஒரு பல்கலைக்கழகம் என்றே அழைத்தார். புழுதியும் வியர்வை நாற்றமும் நிறைந்த அந்தக் கூடத்தில் சார்லி கோல்ட்மன் போன்ற முதிய பயிற்றுநர்கள் இருந்தனர். குள்ளமான உருவமும் உடைந்த கைவிரல்களும் கொண்ட கோல்ட்மன், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகனான றொக்கி மார்சியானோவை உலக வீரராக்கியவர். மார்சியானோ அவரிடம் வந்தபோது காலை எங்கே வைப்பது என்பதையே அறியாதிருந்தார். இயற்கையான நடையைக் கெடுக்காமல், குறைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தி, ஆண்டுக்கணக்கில் பழக்கியெடுத்தார் கோல்ட்மன். 49 போட்டிகளில் ஒன்றிலேனும் தோல்வியுறாமல் 1956இல் ஓய்வுபெற்றார் மார்சியானோ. மாணவனின் இயல்பை அறிந்து கற்பித்தல் என்று ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைகளில் நாம் ஓதுவதை அந்தக் கோல்ட்மன் செய்து காட்டினார்.

இத்தகைய கல்வி ஏன் அழிந்தது? லீப்ளிங் தரும் முதற் காரணம் தொலைக்காட்சி. சவர அலகுகளையும் பியரையும் விற்கவேண்டிய கம்பனிகள் குத்துச்சண்டையைத் தமது விளம்பர வாகனமாக்கிக்கொண்டன. ஜிலெற் கம்பனியின் வெள்ளிக்கிழமை ஒளிபரப்பும், பப்ஸ்ற் பியர்க் கம்பனியின் புதன்கிழமை ஒளிபரப்பும் இலட்சக்கணக்கான வீடுகளை எட்டின. வீட்டிலிருந்தவாறே முதல்தரச் சண்டைகளை இலவசமாகக் காண முடிந்தபோது, தன் பேட்டையிலுள்ள சிறு மண்டபத்திற்குக் காசு கொடுத்துச் சென்று பேர்தெரியாத இளைஞர்களைப் பார்க்க எவரும் முன்வரவில்லை. நூற்றுக்கணக்கான சிறு நகரக் கழகங்களும் பேட்டைக் கழகங்களும் மூடப்பட்டன. இளைஞன் தன் தொழிலைக் கற்றுக்கொண்ட இடங்கள் அவையே. நான்கு சுற்றுச் சண்டையில் தொடங்கி, ஆறு சுற்று, எட்டுச் சுற்று என்று படிப்படியாக ஏறிவந்த மரபு அவற்றோடு முறிந்தது. பத்துப் பதினைந்து சண்டைகள் மட்டுமே கண்ட அரைகுறை இளைஞர்கள், முகவெட்டு நன்றாயிருந்தால், நேரே தொலைக்காட்சி மேடையில் நிறுத்தப்பட்டனர். இதனால் கலை செத்துப்போனாலும் விளம்பரக் கம்பனிகளுக்குக் கவலையில்லை, தம் சரக்கை விற்க அவை வேறு வழி கண்டுகொள்ளும் என்பது லீப்ளிங்கின் கணிப்பு.

அக்கணிப்பு பொய்க்கவில்லை. 1959இல் ஸ்ரில்மன் கூடம் மூடப்பட்டது. 1960இல் அமெரிக்க செனற் சபையின் விசாரணைக் குழுமுன் சாட்சியமளித்த ஜேக் லாமோற்றா, 1947இல் தாம் ஒரு போட்டியில் வேண்டுமென்றே தோற்றதை ஒப்புக்கொண்டார். பெரும் போட்டிகளைத் தன் பிடியில் வைத்திருந்த சர்வதேசக் குத்துச்சண்டைக் கழகம் என்னும் ஏகபோக நிறுவனத்தைக் கலைக்கும் தீர்ப்பை அந்நாட்டின் உயர்நீதிமன்றம் 1959இல் உறுதிசெய்தது. ஜிலெற்றின் வாராந்த ஒளிபரப்பு 1964இல் முடிவுற்றது. கம்பனி வேறு விளையாட்டுக்களைத் தேடிச் சென்றது. பேட்டைக் கழகங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. ஏகபோக மூலதனம் ஒரு மக்கள் கலையினுள் நுழைந்தால் அதன் மேற்பரப்பைப் பளபளப்பாக்கி வேரை எவ்வாறு தின்றுவிடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதுவரை லீப்ளிங்குடன் நாம் முற்றாக உடன்படலாம்.

அவர் கூறும் இரண்டாவது காரணமே நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. போருக்குப் பிந்திய அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகும் வயதும் உயர்ந்துவிட்டது. இவ்விரண்டும் சேர்ந்து குத்துச்சண்டைக்கு வரும் இளைஞரின் ஊற்றை வற்றச் செய்தன என்கிறார் அவர். வேலையும் கல்வியும் கிடைத்தவன் அடிவாங்க வரமாட்டான் என்பது இதன் பொருள்.

இக்கூற்றில் உண்மையே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1952இல் வைன்பேர்க், ஆறொண்ட் என்னும் இரு சமூகவியலாளர் குத்துச்சண்டைத் தொழிலைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரிஷ்காரரும், பின்னர் யூதரும், அதன்பின் இத்தாலியரும், 1940களின் பிற்பகுதியிற் கறுப்பின மக்களும் மேடையில் மேலோங்கியதை அவர்கள் காட்டினர். நகரின் அடித்தட்டில் எந்த இனத்தவர் இருந்தனரோ அவர்களே மேடையில் ஏறினர்; அந்த இனத்தவர் ஒரு படி உயர்ந்ததும் மேடையைவிட்டு இறங்கினர். ஆகவே வறுமைக்கும் குத்துச்சண்டைக்கும் தொடர்புண்டு என்பது வெளிப்படை.

ஆனால் தொலைக்காட்சி முதலாளிகளின் பேராசையையும், தொழிலாளியின் பிள்ளைக்குக் கிட்டிய பள்ளிக் கல்வியையும் ஒருசேர வீழ்ச்சியின் காரணங்களாக எண்ணுவது எவ்வகையில் நியாயமாகும்? முன்னது ஒரு கொள்ளை. பின்னது பல தலைமுறைகளின் போராட்டத்தால் ஈட்டப்பெற்ற உரிமை. 1945 முதல் இலவசக் கல்வியின் பயனைப் பெற்றுவரும் நாட்டவராகிய நாம் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. சிறுவன் ஒருவன் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வீதிக்கு வந்தாற்றான் ஒரு கலை வாழுமென்றால், அக்கலை வாழவேண்டுமா என்ற வினாவுக்கு விமர்சகன் விடை கூறியாகவேண்டும். லீப்ளிங் அவ்வினாவை எழுப்பவில்லை. மேடையருகே அமர்ந்து கைவினையின் நுட்பத்தை வியக்கும் கண் அவருடையது. வீரன் சண்டை முடிந்து எந்த வீட்டிற்குத் திரும்புகிறான் என்பதை அக்கண் அரிதாகவே பின்தொடர்கிறது.

அந்த வீட்டைக் கண்டவர் ஜாக் லண்டன். 1909இல் அவர் எழுதிய 'ஒரு துண்டு இறைச்சி' என்னும் சிறுகதையின் நாயகன் ரொம் கிங் வயது முதிர்ந்த ஒரு குத்துச்சண்டைக்காரன். சண்டைக்கு முன் உண்ண ஒரு துண்டு இறைச்சிக்கு அவனிடம் காசில்லை. கடைக்காரர் கடன் கொடுக்கவும் மறுத்துவிடுகின்றனர். அனுபவத்தால் அவன் இளைஞனான எதிரியை வீழ்த்தும் தறுவாய்வரை வருகிறான். இறுதிக் குத்தில் வலுவில்லாமற் போகிறது. அந்த இறைச்சித் துண்டு கிடைத்திருந்தால் வென்றிருப்பான். கைவினையின் நுட்பமும் வயிற்றின் வெறுமையும் ஒரே உடலில் மோதும் இக்கதை, லீப்ளிங்கின் நூல் முழுவதும் சொல்லாத ஒன்றைச் சில பக்கங்களில் சொல்லிவிடுகிறது. பசி குத்துச்சண்டைக்காரனை மேடைக்கு அனுப்பலாம். அவனை வெல்லச் செய்வது பசியன்று.

அவ்வாறாயின் பசிதான் வீரர்களை உண்டாக்குகிறது என்ற கொள்கையைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். லீப்ளிங் கூறியது சரியென்றால், வேலையின்மை திரும்பி வந்ததும் பயிற்சிக் கூடங்கள் மீண்டும் நிரம்பியிருக்க வேண்டும். வேலையின்மை திரும்பி வரவே செய்தது. சிக்காக்கோ நகரத்தின் பெரும் கால்நடைச் சந்தையும் இறைச்சித் தொழிற்களமும் 1971இல் மூடப்பட்டன. அந்நகரின் தென்பகுதி உருக்காலைகள் 1980களில் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. அப்பகுதியின் கறுப்பினச் சேரியில், 63ஆம் வீதியில் இருந்த ஒரு பயிற்சிக் கூடத்தில் லொயிக் வாக்கான் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1988இல் மாணவராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கு பயின்று, ஒரு போட்டியிலும் இறங்கினார். அவ்வனுபவத்தை 'உடலும் ஆன்மாவும்' என்னும் நூலாக 2000இல் பிரெஞ்சு மொழியிலும், 2004இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். லீப்ளிங்கின் நூலுக்கு அரை நூற்றாண்டின் பின் கிடைத்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

வாக்கான் மேடையை விட்டுக் கூடத்தினுள் நுழைந்தவர். டீடீ ஆர்மர் என்னும் முதிய வாத்தியார் குறைந்த சொற்களால், பெரும்பாலும் பார்வையாலும் அதட்டலாலும் இளைஞர்களைப் பழக்கும் விதத்தை அவர் விரித்துரைக்கிறார். ஒரே அசைவை ஆயிரம் முறை செய்தல், மணியடித்ததும் தொடங்கி மணியடித்ததும் நிறுத்தல், மூத்த மாணவனைப் பார்த்து இளையவன் கற்றல் என்ற அந்த ஒழுங்கு, வெளியே வீதியில் நிலவிய துப்பாக்கிச் சத்தத்திற்கும் போதைவஸ்து வியாபாரத்திற்கும் எதிரான ஒரு தீவு போல் இருந்தது. அவருடைய முடிவுகளுள் நமக்கு மிக முக்கியமானது ஒன்றுண்டு. கூடத்திற்கு வந்து நிலைத்தவர்கள் சேரியின் ஆக அடிமட்டத்தினர் அல்லர். ஓரளவேனும் ஒழுங்கான குடும்பமும் தொழிலாள வாழ்வின் பழக்கங்களும் கொண்டவர்களே நிலைத்து நின்றனர். வேளைக்கு உண்ணவும் உறங்கவும், குறித்த நேரத்திற்கு வரவும் இயலாதவன் குத்துச்சண்டை பயில முடியாது. முற்றான வறுமை வீரனை உண்டாக்குவதில்லை. வீரனாகக்கூடியவனையும் அது சிதைத்துவிடுகிறது. அந்தக் கூடமும் 1992இல் மூடப்பட்டது. வேலையின்மை மலிந்த ஒரு பகுதியில், பசிக்குப் பஞ்சமில்லாத ஒரு வீதியில், பயிற்சிக் கூடம் மறைந்தது. லீப்ளிங்கின் இரண்டாவது காரணம் இங்கேயே தடுமாறுகிறது.

டிட்ரொயிட் நகரின் 'க்றொங்' கூடத்தின் கதையும் இதுவே. நகரசபைக்குச் சொந்தமான ஒரு பொழுதுபோக்கு நிலையத்தின் நிலவறை அது. மின்சாரத் தொழிலாளியாக இருந்த இமானுவேல் ஸ்ரூவாட் 1971இல் அங்கே பகுதிநேரமாகச் சிறுவர்களைப் பழக்கத் தொடங்கினார். 1980இல் ஹில்மர் கென்றி, தோமஸ் ஹேர்ன்ஸ் என்னும் இரு உலக வீரர்கள் அந்நிலவறையிலிருந்து தோன்றினர். மோட்டார்த் தொழிற்சாலைகள் நகரை விட்டு நீங்கி, நகரசபையின் கருவூலம் வற்றியபின், 2006இல் அக்கட்டடம் மூடப்பட்டது; 2017இல் தீக்கிரையானது. வாத்தியாரின் திறமையோ மாணவரின் பசியோ அங்கே குறையவில்லை. பொதுப்பணத்தில் இயங்கிய ஒரு கட்டடம் இல்லாமற் போயிற்று.

மறுமுனையிலிருந்தும் இக்கொள்கையைச் சோதிக்கலாம். வேலையும் கட்டாயக் கல்வியும் குத்துச்சண்டையை வற்றச் செய்யுமென்றால், அவ்விரண்டையும் அரசின் கடமையாகக் கொண்ட ஒரு நாட்டில் வீரர்களே தோன்றியிருக்கலாகாது. கியூபா புரட்சிக்குப்பின் 1962இல் பணத்துக்காக ஆடும் விளையாட்டைத் தடைசெய்தது. அதற்கு முன் அந்நாடு ஒலிம்பிக் குத்துச்சண்டையில் ஒரு தங்கப் பதக்கமும் பெற்றதில்லை. அல்சிடேஸ் சகார்ரா என்னும் பயிற்றுநரின் தலைமையில், பாடசாலைகளிலும் ஊர்களிலும் சிறுவர்களைத் தெரிந்து பழக்கும் முறை அமைக்கப்பட்டது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மூன்று தங்கங்களும், 1992இல் பார்சலோனாவில் ஏழு தங்கங்களும் கிடைத்தன. தெயோபிலோ ஸ்ரீவன்சன் 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்குகளில் வென்று, அமெரிக்க ஏற்பாட்டாளர் நீட்டிய பெருந்தொகைகளை மறுத்தார். 1976இல் ஐந்து தங்கங்கள் வென்ற அமெரிக்காவோ, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் ஒரு பதக்கமேனும் பெறாது திரும்பியது.

கியூபாவைக் குறைகளற்றதாகக் காட்டுவது நமது நோக்கமன்று. 1990களின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல வீரர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர்; இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற கியேர்மோ ரிகொண்டோவும் அவர்களுள் ஒருவர். 2022இல் அரசே தன் வீரர்களைத் தொழில்முறைப் போட்டிகளில் பங்குபற்ற அனுமதித்தது. சந்தையின் ஈர்ப்பும் வீரனின் சொந்த விருப்பமும் வெறும் முழக்கங்களால் அடங்குவன அல்ல. ஆயினும் பள்ளிக்கூடம் குத்துச்சண்டையைக் கொல்லும் என்ற கூற்றை அந்நாட்டு அனுபவம் மறுத்துவிட்டது. பள்ளிக்கூடமே அங்கு குத்துச்சண்டையின் வேராக இருந்தது.

இனி, முற்போக்காளர் பலர் எழுப்பும் ஆட்சேபத்துக்கு வருவோம். மனிதனின் மூளையைக் கலக்கும் ஒரு விளையாட்டு வீழ்ந்தால் என்ன, வீழட்டுமே என்பர். இது புறக்கணிக்கத்தக்க ஆட்சேபம் அன்று. அடிபட்டு மதி மழுங்கிய குத்துச்சண்டைக்காரரின் நோயை 1928இலேயே மார்ட்லண்ட் என்னும் வைத்தியர் விவரித்தார். 1962இல் நியூ யோர்க்கில் பென்னி பரெற் என்னும் கியூப வீரர் தொலைக்காட்சி கமெராக்களின் முன்னே அடிபட்டு நினைவிழந்து, பத்து நாட்களின் பின் இறந்தார். அவர் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். சில மாதங்களுக்கு முன்னரே இன்னொரு சண்டையில் கொடிய அடி வாங்கியிருந்த அவரை ஓய்வெடுக்க விடாமல் மீண்டும் மேடையேற்றியது யாருடைய நலன்? 1982இல் கொரிய வீரர் கிம் டுக் கூ பதினான்காம் சுற்றில் வீழ்ந்து இறந்தபின்னரே பதினைந்து சுற்றுக்கள் பன்னிரண்டாகக் குறைக்கப்படத் தொடங்கின.

எனினும் இந்த ஆட்சேபத்தைக் கூறுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வீழ்ந்தது சந்தை அன்று. சில வீரர்களுக்குக் கோடிக்கணக்கான டொலர் கொடுக்கும் சண்டைகள் இன்றும் நடைபெறுகின்றன, ஒளிபரப்பும் நடைபெறுகிறது. வீழ்ந்தது அடியிலிருந்த கல்வி மட்டுமே. அடிவாங்காதிருக்கக் கற்பிக்கும் வாத்தியார் மறைந்தபின், அடிவாங்குபவர் மட்டும் எஞ்சுவர். அரைகுறையாகப் பழகிய இளைஞனே அதிக அடிவாங்குகிறான். தலையை விலக்கவும், காலை நகர்த்தவும், தோல்வியை ஏற்று மேடையை விட்டு இறங்கவும் கற்பிப்பதற்கு ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைக் கொடுக்க விளம்பரக் கம்பனிக்குப் பொறுமையில்லை. நல்ல வாத்தியார் இருந்தாலும் ஆபத்து முற்றாக நீங்காது. பணத்துக்காக ஆடாத வீரர்களின் மூளையும் இரும்பால் ஆனதன்று. தலைக் குத்துக்களைக் கட்டுப்படுத்தும் விதிகளும், சுதந்திரமாகத் தீர்ப்புக் கூறும் வைத்தியரும் இன்றியமையாதவை. அவற்றைக் கோரும் உரிமையும் கடமையும் நமக்குண்டு.

1954இல் லூயிவில் நகரில் சைக்கிளைக் களவு கொடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் முறையிடச் சென்றபோது, பொலிஸ்காரரான ஜோ மார்ட்டின் அவனைத் தாம் சிறுவர்களைப் பழக்கிய கூடத்திற்கு வரச் சொன்னார். அச்சிறுவனே பின்னர் முகம்மது அலியானான். இதனை அதிர்ஷ்டத்தின் கதையாகவே பலரும் கூறுவர். அந்த மாலையில் அருகே திறந்திருந்த ஒரு கூடமும், சம்பளத்தை எதிர்பாராமல் அங்கு நின்ற ஒரு வாத்தியாரும் இல்லாவிடில் அந்த அதிர்ஷ்டம் எங்கே வந்து இறங்கியிருக்கும்?

லீப்ளிங் ஒரு கலையின் மரணத்தை உண்மையாக வருந்தி எழுதினார். கொன்றவர்களுள் ஒருவரைச் சரியாகவே சுட்டிக்காட்டினார்; குற்றமற்ற இன்னொருவரையும் அவரோடு சேர்த்துக் கூண்டில் ஏற்றிவிட்டார். அந்த இரண்டாமவருக்காக வாதாடுவது ஆசிரியர்களாகிய நமது பொறுப்பு. குத்துச்சண்டையோ, கூத்தோ, நம் கிராமத்துக் கிளித்தட்டோ நலிவதைக் காணும்போது, பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள், அதனால் எல்லாம் அழிந்தது என்று பெருமூச்சு விடுவோர் நம்மிடையேயும் உளர். அவர்களிடம் நாம் கேட்கவேண்டியவை சாதாரணமான கேள்விகளே: பழக்குபவர் யார், அவருக்குச் சோறு போடுபவர் யார், கூடத்தின் வாடகையைக் கட்டுபவர் யார், மாலையில் அதன் கதவு யாருக்காகத் திறந்திருக்கிறது? இவற்றுக்கு விடை தேடாத எந்தக் கலை விமர்சனமும் முழுமை பெறாது.